இதுக்குப் பேர் மலையா? திருகோணமலை மேடுகளில் எங்கள் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

என் தங்கச்சியைக் கட்டியவன் ஹட்டன்காரன். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே பிறந்து வளர்ந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்து பஸ்ஸால் இறங்கியதும் கேட்ட கேள்வி: "மச்சான், ஊர்ப் பேரிலேயே மலை இருக்கே, எங்க அந்த மலை?" நாங்கள் இருப்பதே உவர்மலையில்தான் என்றதும் சிரிப்பு அடங்கவில்லை. "ஏறி வந்ததே தெரியல்ல. எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற மேடு இதைவிட உயரம்."

அவனைக் குறை சொல்ல முடியாது. வயலும் களப்பும் பற்றைக்காடுமாகத் தட்டையாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் எது தலை தூக்கினாலும் அது மலைதான். உவர்மலை, சுவாமி மலை, புறாமலை, அரிசிமலை. ஆனால் ஒன்று. ஹட்டனில் ஒரு மலையில் ஏறினால் தெரிவது அடுத்த மலை. இங்கே மறைக்க ஒன்றுமில்லை. அன்றிரவு வீட்டு மேல்மாடியில் நின்று உள்துறைமுகத்தைக் காட்டினேன். கப்பல் விளக்குகள், அந்தப் பக்கம் சீனக்குடா வெளிச்சம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதையும், எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்ததையும் அப்பப்பா சொல்லக் கேட்டபடி நானும் சொன்னேன். கொட்டாவி விட்டான்.

மறுநாள் சுவாமி மலையில் இருக்கிற கோணேசர் கோயில். பிழை என்னுடையதுதான். இடியப்பமும் சொதியும் கதையுமாக இழுத்தடித்து, பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டும்போதே பதினொன்றரை. பழைய கோயிலை இடித்துவிட்டுப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டை மீனை இன்றைக்கும் பார்க்கலாம். மச்சான் அதைப் பார்க்கவில்லை, மானைத்தான் பார்த்தான். அங்குள்ள புள்ளிமான்களுக்கு மனிதப் பயம் கிடையாது. ஒன்று வந்து பையை மோந்து பார்த்தது. அர்ச்சனைக்கு வாங்கிய வாழைப்பழத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

செருப்பைக் கழற்றி வைத்த பிறகுதான் வினை. தரை தோசைக்கல் மாதிரிக் காய்ந்திருந்தது. நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் பாய்ந்து பாய்ந்து இராவணன் வெட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். பாறை பிளந்து நேரே கடலுக்குள் இறங்குகிற இடம். பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் மரத்தில் ஆடின. மரநிழலில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலையைத் திருப்பாமலே, "தம்பி, அந்தா புகை" என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. நீலத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு எழுந்து கரைந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு நீளமாக, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு. முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நீலத் திமிங்கிலம். மூச்சு விட்டால் நீர்ப்புகை ஒன்பது மீற்றர் எழும் என்பார்கள். அத்தனை தூரத்தில் அது ஒரு ஊதுபத்திப் புகை அளவுதான். திருகோணமலைக்கு முன்னால் கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று கரையை ஒட்டியே தொடங்குகிறது. ஆழம் கிட்ட இருப்பதால் திமிங்கிலமும் கிட்ட வருகிறது. பங்குனி சித்திரையில் கடல் கண்ணாடியாக இருக்கும்போது தரையில் நின்றே பார்க்கலாம். படகுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஐயாவிடம் கச்சான் வாங்கினால் போதும்.

மச்சான் அரை மணித்தியாலம் பேசவில்லை. ஹட்டனுக்குப் போன பிறகு அவன் சொல்கிற கதை முழுக்கக் கால் வெந்ததைப் பற்றித்தானாம்.

நிலாவெளியிலிருந்து:

புறாமலையைப் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி. எங்கள் ஆட்கள் அங்கே போனால் தண்ணீருக்குள் தலையைக் குத்திக்கொண்டு மீன் பார்ப்பதோடு சரி, மேலே ஏறுவதில்லை. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரில் இருக்கிற சின்னத் தீவுதான். 2003இல் தேசியப் பூங்காவானது. உச்சி 44.8 மீற்றர் என்று தசமம் போட்டு அளந்து வைத்திருக்கிறார்கள். மலைநாட்டவர்கள் சிரிக்கட்டும்.

கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள். நடக்கும்போது சிரட்டைகளை மிதிக்கிற மாதிரிச் சத்தம். அதைத் தாண்டி, பாறையைக் கையால் பிடித்துப் பிடித்துக் கொஞ்சத் தூரம் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் நாங்கள் வாழ்கிற நிலம் பென்சிலால் கீறிய ஒரு கோடு. அவ்வளவு தட்டை. எங்கள் வீட்டுப் பக்கத்துப் பனைகளைத் தேடினேன், எல்லாப் பனையும் ஒன்றுபோலவே தெரிந்தது. புறா எண்ணி ஆறு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தத் தீவைச் சுட்டுப் பழகுகிற இடமாக வைத்திருந்தார்களாம், மிச்சம் இருப்பதே பெரிய காரியம். படகுக்காரர் இரண்டு மணித்தியாலம் என்று பேசிவிட்டு ஒரு மணித்தியாலத்தில் விசில் அடித்துக் கூப்பிட்டார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

புல்மோட்டையிலிருந்து:

டவுன் ஆட்கள் நிலாவெளியோடு திரும்பிவிடுகிறீர்கள். மாவட்டம் இன்னும் வடக்கே கொக்கிளாய்க் களப்பு வரை போகிறது. அதற்கு அங்காலே முல்லைத்தீவு.

எங்கள் வாப்பா கனிய மணலில் வேலை செய்தவர். அந்த மணல் கறுப்பு, ஒரு பிடி எடுத்தாலே கை தாழும். அதே கடற்கரையில் கொஞ்சம் தெற்கே வந்தால் அரிசிமலை. அங்கே ஈரக் கையை மணலில் வைத்து எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் ஒட்டியிருப்பது சம்பா அரிசிதான் என்று சத்தியம் செய்வீர்கள். குறுணி குறுணியாக, மங்கலான வெள்ளை, சிலது இளஞ்சிவப்பு. சின்ன வயதில் உம்மாவின் சுளகில் கொட்டிக் கலந்துவிட்டு அடி வாங்கியிருக்கிறேன். பாறைகளில் ஏறி நின்றால் இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் கடல்.

திரியாய் மலைக்கும் போங்கள். படி ஏறினால் மேலே கற்றூண்கள் வட்டம் வட்டமாக நிற்கிற பழைய பௌத்தக் கட்டடம், பக்கத்தில் பாறையில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு. எழுத்து பல்லவர் கிரந்தச் சாயல், அதில் வணிகர்களின் பெயர் வருகிறது. கப்பலில் வந்தவர்கள் இந்த மேட்டைத்தான் குறி வைத்து வந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பின்னேரம் ஐந்துக்கு முன்னால் இறங்கிவிடுங்கள், அந்த வீதியில் யானை நிற்கும்.

தென்னமரவாடியில் கந்தசாமி மலை இருக்கிறது. மாவட்ட எல்லையில் கடைசி ஊர். 1984இல் எழும்பிப் போன சனம் யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. நான் போனபோது வயல் வரம்பில் நின்ற ஒரு அம்மா அந்த மலையைக் கையால் காட்டிவிட்டு, வேறொன்றும் சொல்லாமல் குனிந்து வேலையைப் பார்த்தார்.

உவர்மலையிலிருந்து:

சரி, சித்திரை விடுமுறைக்கு அரிசிமலை. மச்சானும் வருகிறான். மலை என்று சொல்லவில்லை, கடற்கரை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். செருப்பைக் கழற்றத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.