பிணைக் கையெழுத்துக் கேட்கிறார்கள்: இத்தகைய காரியங்களில் வேதாகமத்தை எப்படி வழிகாட்டியாகக் கொள்வது?

வலிகாமத்து வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வசிப்பவள்; தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள்; அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். என் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவன், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளிலிருந்து மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்குக் கொண்டுசெல்வதற்காகச் சிறிய லொறி ஒன்றை வாங்க முயல்கிறான். 25 இலட்சம் ரூபாய் கடன் கொடுக்க வங்கி இணங்கியிருக்கிறது. ஆனால் நிரந்தர அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும் என்கிறது. ஒருவர் சம்மதித்துவிட்டார். மற்றவர் நானாக இருக்க வேண்டும் என்று சித்தி நேரில் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வேதாகமத்தைக் கேளாமல் முக்கியமான முடிவு எதையும் எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டில் அம்மம்மா காலத்திலிருந்து வருகிற வழக்கம். வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை இப்போதும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. சித்தி வந்துபோன மறுநாட் காலையில் ஜெபித்துவிட்டு வேதாகமத்தைத் திறந்தபோது, "உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு" என்று தொடங்கும் மத்தேயு 5:42 என் கண்ணில் பட்டது. இதுவே பதில் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தை எடுத்து, கடனுக்காகப் பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்றும், செலுத்த வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்றும் சொல்லுகிற 26, 27ஆம் வசனங்களை வாசித்தார். எங்கள் கட்டிலுக்கே இன்னும் தவணை முடியவில்லை என்பதையும் நினைவூட்டினார்.

ஒரே வேதாகமம், ஒரே வீடு, இரண்டு பதில்கள். அன்றாட வாழ்வில் வேதத்தை வழிகாட்டியாகக் கொள்ளுகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்கிறீர்கள்? என் நம்பிக்கையைப் பற்றிய விவாதமாக இதை மாற்றிவிடாமல், நடைமுறையில் நீங்கள் எப்படி வாசித்து எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

எப்பிராத்தா எழுதியது:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். இதில் குழப்பத்துக்கு இடமில்லை என்பது என் தாழ்மையான கருத்து. நீதிமொழிகள் பிணையைப் பற்றி ஒருமுறை அல்ல, 6, 11, 17, 20, 22, 27 என்று பல அதிகாரங்களில் பேசுகிறது. எங்கும் அது நல்லதென்று சொல்லவில்லை. பிணைப்பட்டவன் வேடனுடைய கைக்குத் தப்பும் வெளிமானைப்போலத் தன்னை விடுவித்துக்கொள்ள வேண்டும் என்று 6ஆம் அதிகாரம் சொல்லுகிறது. மத்தேயு 5:42 கொடுப்பதைப் பற்றிச் சொல்லுகிறது, பிணை நிற்பதைப் பற்றியல்ல. தம்பிக்குக் கையில் உள்ளதைக் கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

கரையோரத்தான் எழுதியது:

நான் கத்தோலிக்கன்; கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். மேலே எழுதிய சகோதரர் கொடுப்பதையும் பிணை நிற்பதையும் பிரித்துக் காட்டியது சரியே. ஆயினும் முடிவை அவர் சற்று விரைவாகக் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கள் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்றொரு நூல் இருக்கிறது. உங்கள் வேதாகமத்தில் அது சேர்க்கப்படவில்லை. அதன் 29ஆம் அதிகாரம் கடனையும் பிணையையும் பற்றியே பேசுகிறது. நல்ல மனிதர் தமக்கு அடுத்திருப்பவருக்காகப் பிணை நிற்பார் என்று அதிலே பிணையைப் பற்றிய பகுதி தொடங்குகிறது. உனக்காகப் பிணை நின்றவரின் நன்றியை மறவாதே, அவர் தம்மையே உனக்காகக் கொடுத்திருக்கிறார் என்று கடன் வாங்கினவனைப் பார்த்துச் சொல்லுகிறது. பின்னர், பிணை நின்றதால் செழிப்பாக இருந்த பலர் அழிந்தார்கள், வீடு வாசல் இழந்து அந்நிய நாடுகளில் அலைந்தார்கள் என்று எச்சரிக்கிறது. முடிவில், உன்னால் இயன்ற அளவுக்கு உதவி செய், ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்கிறது. கடன் கொடுத்தவன், வாங்கினவன், பிணை நின்றவன் ஆகிய மூவரின் முகத்தையும் பார்த்துப் பேசுகிற பகுதி இது. அந்த நூலை நீங்கள் இறைவாக்காக ஏற்காவிட்டாலும் மூத்தோர் அறிவுரையாக வாசிக்கலாம்.

கரையோரத்தில் இயந்திரப் படகும் வலையும் பெரும்பாலும் கடனில்தான் வாங்கப்படுகின்றன. பிணை நிற்க ஒருவரும் இல்லையென்றால் ஒரு இளைஞன் ஆயுள் முழுவதும் அடுத்தவன் படகிலேயே கூலிக்குப் போக வேண்டியதுதான். எனக்குக் கையெழுத்துப் போட்ட என் மாமா அன்று நீதிமொழிகளை மட்டும் வாசித்திருந்தால் என் நிலைமையும் அதுவாகவே இருந்திருக்கும். அதே கரையில், மருமகனுக்குப் பிணை நின்று மகளின் நகைகளை எல்லாம் அடைவு வைத்து, மீட்க முடியாமற்போனவரையும் அறிவேன்.

பழைய கணக்காளன் எழுதியது:

நான் சைவன். வேத விளக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை. வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்த உரையாடலில் நுழைகிறேன். (பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற ஊர் இது, ஆகையால் என் வருகையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.)

பிணை நிற்க வருபவர்கள் எப்படி வருவார்கள் என்றால், அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கடன் வாங்குபவரின் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து இறங்கி, கையில் சம்பளப் பட்டியலோடு வருவார்கள். மேசையில் பத்திரத்தை வைத்தால் "எங்கே கையெழுத்து?" என்று கேட்பார்கள். எவ்வளவு காலம், எவ்வளவு வட்டி, அவர் கட்டாவிட்டால் எனக்கு என்ன நடக்கும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். தாட்சண்யத்துக்காக வந்தவர் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினால் அது கூட வந்தவரை நம்பாததுபோல ஆகிவிடும் என்ற கூச்சமே அதற்குக் காரணம்.

பெரும்பாலான பிணைப் பத்திரங்களில், முதலில் கடன் வாங்கியவர் மேல் வழக்கு வைத்து அது முடிந்த பின்னரே பிணையாளியிடம் வர வேண்டும் என்ற உரிமையைப் பிணையாளி விட்டுக்கொடுக்கிறார். இருவர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பாளி. சில பத்திரங்கள் தொடர் பிணையாக இருக்கும்; இந்தக் கடன் முடிந்த பிறகு அவர் எடுக்கும் அடுத்த கடனுக்கும் அதே கையெழுத்துச் செல்லும். நீங்கள் பிணை நின்ற கடன் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயரிலும் தெரியும்; நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுத் திருத்தத்துக்கோ நீங்கள் கடன் கேட்கும்போது அதைப் பார்ப்பார்கள். பொறுப்பின் உச்சத் தொகை எழுதப்பட்டிருக்கிறதா, லொறிக்கு முழுக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். பத்திரத்தின் பிரதியை முதல் நாளே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

வலிகாமத்து வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணக்காளன் ஐயா சொன்ன முழுத் தொகைப் பொறுப்பு எனக்குத் தெரியாத விடயம். என் கணவர் உங்கள் பதிலை இரண்டு முறை வாசித்தார்.

ஆனாலும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஜெபித்துத் திறந்த இடத்தில் அந்த வசனம் வந்ததே. அதைத் தள்ளிவிட்டு வேறு வசனங்களைத் தேடிப் போவது, கேட்ட பதில் பிடிக்காமல் மறுபடி கேட்பதுபோல ஆகாதா?

ஓய்வுபெற்ற உபாத்தியாயர் எழுதியது:

மகளுக்கு, நான் பாடசாலையில் பல வருடம் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவன். உங்களுடைய இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்டதைவிட முக்கியமானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கண்ணை மூடித் திறந்து வந்த வசனத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஆதாரமாகத் திருச்சபைத் தந்தையான அகஸ்தீனைச் சொல்லுவார்கள். 386ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் அவர் பவுலின் நிருபத்தைத் திறந்து, ரோமர் 13ஆம் அதிகாரத்தில் கண்ணில் பட்டதை வாசித்து மனந்திரும்பினார் என்பது உண்மை. ஆனால் அவர் அன்று கேட்டது தன் வாழ்வை எங்கே ஒப்படைப்பது என்ற கேள்வி; அதற்கு முன் ஆண்டுக்கணக்காக வாசித்தும் விவாதித்தும் அழுதும் இருந்தார். அதே அகஸ்தீன் பின்னாளில் ஜனுவாரியு என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷத்தின் பக்கங்களைக் கொண்டு சீட்டுப் பார்க்கிறவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பேய்களிடம் குறி கேட்கப் போவதைவிட இது பரவாயில்லை. ஆயினும் தேவனுடைய வார்த்தையை உலக அலுவல்களுக்கு இப்படித் திருப்பிக்கொள்வது தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். இதை நம்மவர்கள் சொல்லுவதில்லை.

தனித்து எடுத்த வசனம் வசனமாயிருப்பதாலேயே அந்த வேளைக்கான பதிலாகிவிடாது என்பதற்கு மத்தேயு 4ஆம் அதிகாரமே சாட்சி. தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திச் சோதித்தவன் 91ஆம் சங்கீதத்தைச் சரியாகத்தான் சொன்னான். அதற்கு இயேசு இன்னொரு வசனத்தைக் கொண்டு பதில் சொன்னார். ஆகவே ஒரு வசனத்தின் அருகே இன்னொன்றை வைத்துப் பார்ப்பது கீழ்ப்படியாமை அல்ல. அதை நமக்குச் செய்து காட்டியவர் அவரே.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். நீதிமொழிகளின் எச்சரிக்கை உறுதியானது. எப்பிராத்தா சகோதரர் சொன்னது பிழையல்ல. ஆனால் ஆதியாகமம் 43இல் பென்யமீனுக்காக யூதா தகப்பனிடம் பிணை நிற்கிறான். 44இல் அந்தப் பிணைக்காகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வருகிறான். தம்பியை விற்ற கூட்டத்தில் ஒருவனாயிருந்தவன் மாறிவிட்டான் என்பது அங்கேதான் நமக்குத் தெரியவருகிறது. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் அடிமையான ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கிலே வைத்துக்கொள்ளும்படி பவுல் எழுதுகிறார். தானே செலுத்தித் தீர்ப்பதாகத் தன் கையாலேயே எழுதிக்கொடுக்கிறார். இவ்விருவரிடமும் நான் கவனிப்பது, தாங்கள் எதற்குப் பொறுப்பேற்கிறார்கள் என்று அறிந்திருந்ததும், தாங்களே செலுத்த ஆயத்தமாயிருந்ததும் ஆகும். நீதிமொழிகள் கண்டிப்பது செலுத்த ஒன்றுமில்லாமற் கையடித்துக் கொடுப்பவனை. நீங்கள் மேற்கோள் காட்டிய 27ஆம் வசனத்திலேயே அது இருக்கிறது.

எனவே வேதம் உங்களிடம் கேட்பது கையெழுத்தா இல்லையா என்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகள். தம்பி கட்டத் தவறினால் மாதத் தவணையை உங்கள் குடும்பம் உண்மையில் தாங்குமா? கணவர் மனம் ஒப்பாதபோது, அவருடைய படுக்கையையும் சேர்த்துப் பிணை வைக்க உங்களுக்கு உரிமை உண்டா? கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை (லூக்கா 14:28) தம்பியும் வாசிக்க வேண்டுமல்லவா? டீசல், டயர், தம்புள்ளைச் சந்தையில் விலை விழுகிற நாட்கள் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்று அவனிடம் இருக்கிறதா? அவன் அந்தத் தாளைக் காட்டக் கூசினால் அதுவும் ஒரு பதில்தான். இந்தக் கணக்கு வேலையை ஜெபத்துக்குக் குறைவானதென்று எண்ணுகிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் சொந்த வழக்கத்தைக் கேட்டால், நான் வேதாகமத்தைப் பிரச்சினை வரும் நாளில் திறப்பதில்லை. தினமும் வரிசையாக வாசித்து வருகிறேன். உபாகமம் 24இல் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும் என்ற கட்டளை அப்படி வாசிக்கையில் வந்ததுதான். ஒருவனுடைய பிழைப்புக் கருவியில் கைவைக்கும் கடன் எவ்வளவு பாரதூரமானது என்பதை நான் அங்கே கற்றேன். லொறி தவணைக்குப் பறிபோனால் தம்பிக்கு நடப்பதும் அதுவே. அதையும் அவனோடு பேசுங்கள். வாக்குத்தத்த அட்டை இருக்கட்டும், அதைக் கழற்றச் சொல்லவில்லை.

எப்பிராத்தா எழுதியது:

ஐயா, யூதா நின்றது தகப்பனிடம், பவுல் எழுதியது உடன் விசுவாசிக்கு, வங்கியிடமல்ல. என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் கணவருடைய சம்மதத்தைப் பற்றி எழுதியதற்கு ஆமென் சொல்லுகிறேன்.

வலிகாமத்து வாசகி எழுதியது:

உபாத்தியாயர் ஐயாவுக்கு மிக்க நன்றி. தம்பியைச் சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வரவு செலவு எழுதிய தாளோடு வரும்படி சொன்னபோது முதலில் மௌனமாக இருந்தான், பிறகு சரி என்றான். பத்திரத்தின் பிரதியையும் கேட்டிருக்கிறேன். தொடர் பிணையாக இருந்தால் கையெழுத்து இல்லை என்பதில் நானும் கணவரும் ஒரே மனமாக இருக்கிறோம். அப்படி ஆகுமானால் என் சேமிப்பில் ஒரு பகுதியை, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய அளவில், முற்பணத்துக்குக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். சித்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம்.

கரையோரத்தான் எழுதியது:

சித்தியிடம் நீங்கள் தனியாகப் போகாமல் இருவருமாகப் போங்கள். இன்னொன்று: சம்மதித்துவிட்ட அந்த மற்றப் பிணையாளிக்கு முழுத் தொகைக்கும் தானே பொறுப்பு என்பது தெரியுமா? கணக்காளன் ஐயாவின் பதிலை அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.