விசாகப்பட்டினம் டியூ-142: கண்ணை விட்டு அகலாதது எது?

வால்துடுப்பு:
விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கும் டியூ-142-க்கு, அதாவது நீர்மூழ்கிகளைத் தேடிய கடற்படை விமானத்துக்கு, நம் குழு போய் வந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரே அச்சில் முன்னும் பின்னுமாக இரண்டு புரொப்பெல்லர், ஒவ்வொன்றிலும் நான்கு பிளேடு. முன்னது ஒரு பக்கம் முறுக்கியிருக்கிறது, பின்னது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். சுமார் 15,000 குதிரைத்திறன் உள்ள குஸ்னெட்சோவ் என்கே-12 எஞ்சினின் திறனை ஒற்றைப் புரொப்பெல்லரால் வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அதன் விட்டம் தரையை இடிக்கும் அளவுக்குப் போகும். அதனால்தான் இரண்டு. முன்னது காற்றுக்குக் கொடுக்கும் சுழலைப் பின்னது நிமிர்த்திவிடுகிறது, அந்த ஆற்றலும் வீணாவதில்லை.

மாடல் செய்பவர்கள் கவனிக்க: 1/72 அளவில் புரொப்பெல்லர் விட்டம் 7.8 செ.மீ. வரும் (அசல் 5.6 மீ.). எட்டு பிளேடையும் சட்டத்திலிருந்து ஒரே நேரத்தில் வெட்டிக் கொட்டிவிட்டால் முன்செட், பின்செட் கலந்துவிடும். ஒட்டிய பிறகு தெரிந்து பயனில்லை. முதலில் முன்செட் நான்கையும் வெட்டி, அடியில் பென்சிலால் குறியிட்டு, அதன் மூக்குக்கூம்பில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு பின்செட்டைத் தொடுங்கள்.

அரக்கோணத்தான்:
எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த விமானம் முதலில் சத்தம், அப்புறம்தான் உருவம். 1988-இல் கடற்படையில் சேர்ந்து, கோவாவில் இருந்துவிட்டு, 1992-இல் அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ராஜாளிக்கு வந்தது. 2017 மார்ச் 29-இல் அங்கேயே பணி ஓய்வு. தக்கோலம் வரைக்கும் ஜன்னல் அதிரும்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் பிளேடின் நுனி ஒலிவேகத்தைத் தாண்டுவதுதான். கணக்கு எளிது: 5.6 மீ. விட்டம், நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று என்றால் நுனி வேகம் விநாடிக்கு 220 மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போனால் விநாடிக்கு 250 மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள், ஆகவே இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 333 மீ. அந்த வேகத்தில் அது பறக்கும் உயரத்துக் குளிர்காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 300 மீ.தான் போகும்.

கடற்காற்று:
அண்ணே, உங்கள் கணக்கு சரி, முடிவு சரியில்லை. அரக்கோணத்தில் ஜன்னல் அதிர்ந்தது விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும். அப்போது வேகம் மணிக்கு 400 கி.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள், விநாடிக்கு 111 மீ. அதே 220-ஐ வைத்து, அதே முறையில் வர்க்கமூலம் எடுத்தால் 246 வருகிறது. தரைமட்டத்து வெயிலில் ஒலிவேகம் 345-க்கு மேல். நுனி தாண்டவே இல்லை. நீங்கள் கேட்டது வேறு: முன்பிளேடு கலைத்துவிட்ட காற்றைப் பின்பிளேடு வெட்டுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப. எதிரெதிராகச் சுழலும் புரொப்பெல்லர்களுக்கே உரிய அடித்தொண்டைக் குரல் அது. நுனி ஒலிவேகத்தைத் தாண்டும் சத்தம் உயரப் பறக்கும்போது வருவது, அதுவும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஆழ்நீர்:
எல்லோரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு உறுத்துவது வால். செங்குத்து வாலின் உச்சியில் பின்னோக்கி நீளும் மெல்லிய கூட்டை எங்கள் வரிசையில் பலரும் ஆன்டெனா என்று சொல்லிக் கடந்து போனார்கள். அது காந்தப்புல உணரி. நீர்மூழ்கியின் எஃகு உடல் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு கோணலைப் பிடிப்பது. விமானத்தின் சொந்த இரும்பும் மின்கம்பிகளும் கெடுக்காத தூரம் வேண்டும் என்பதால்தான் அங்கே. ஆனால் அது எட்டும் தூரம் சில நூறு மீட்டர்தான், தாழப் பறந்தே ஆக வேண்டும். ஆகவே அது தேடும் கருவி இல்லை, உறுதிசெய்யும் கருவி.

தேடுவது காட்சிக்கூடத்தில் இருக்கும் சோனோபாய் உருளைகள், அதாவது நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் மிதவைகள். பாராசூட்டில் இறங்கி, நீரைத் தொட்டதும் ஆன்டெனா மேலே மிதக்கும், கேட்கும் கருவி கம்பியில் கீழே போகும். எவ்வளவு ஆழம் என்பதைப் போடுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். கடலில் மேல்வெப்ப அடுக்கும் கீழ்க்குளிர் அடுக்கும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும், நீர்மூழ்கி அதற்கடியில் பதுங்கும். கருவி மேலடுக்கிலேயே நின்றுவிட்டால் ஒன்றும் கேட்காது.

சாலைக்கு எதிரே இருக்கும் ஐ.என்.எஸ். குர்சுராவை முதலில் பாருங்கள். 1969-இல் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற டீசல் நீர்மூழ்கி. பேட்டரியில் ஓடும்போது அரவமே இருக்காது, ஆனால் பேட்டரிக்கு மின்னேற்ற, டீசல் எஞ்சினுக்குக் காற்று தரும் குழாயை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். விமானம் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அதைப் புரிந்துகொண்டு சாலையைத் தாண்டினால் டியூ-142-இன் ஒவ்வொரு பாகமும் அர்த்தமாகும்.

வண்டிச்சத்தம்:
நான் பார்த்தது ஒன்றுதான்: உள்ளே கூட்டம் அடைத்துக்கொண்டு யாரும் எதையும் பார்க்கவில்லை. விமான உடலின் குறுக்களவே சுமார் 2.9 மீ., அதில் கருவிகள் போக நடைவழி ஒற்றையாள் அகலம்.

அடுத்து போகும் குழுக்களுக்குச் சில யோசனைகள். பத்துப் பேருக்கு மேல் ஒன்றாக ஏறாதீர்கள். மீதிப் பேர் காட்சிக்கூடத்தில் இருக்கட்டும், அங்கே எஞ்சினைக் கைக்கெட்டும் உயரத்தில் பார்க்கலாம். முதுகுப்பையை வெளியே ஒருவரிடம் விட்டுவிடுங்கள். உள்ளே எல்லா முனையும் பையில் மாட்டும். திங்கட்கிழமை கிளம்பாதீர்கள், விடுமுறை. வார நாளில் பிற்பகல்தான் திறக்கும் என்பதால் ரயிலில் காலை வந்து இறங்கும் குழு முதலில் கடற்கரைச் சாலைக்கே போய் வெளியிலிருந்து படம் எடுத்துவிட வேண்டும். காரணம், கடல் கிழக்கே, விமானம் சாலையின் மேற்கே. காலை வெளிச்சம் கடல் பக்கமிருந்து விமானத்தின் மேல் விழும். பிற்பகலில் சாலையிலிருந்து எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், 53 மீட்டர் நீளமும் கறுத்த நிழலாகத்தான் வரும். முழு விமானமும் படத்தில் வர அகலக்கோண லென்ஸ் வேண்டும், ஆனால் அருகே நின்று எடுத்தால் இறக்கை நுனி வளைந்து தெரியும். தள்ளி நின்று இரண்டு மூன்று படமாக எடுத்து ஒட்டுவது நல்லது. வயதானவர்கள் இருந்தால் குர்சுராவின் வட்டக் கதவுகளைக் குனிந்து தாண்ட வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அரக்கோணத்தான்:
கடற்காற்று தம்பி, ஏறும்போது 400 என்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ராஜாளிக்கு மேலே உயரத்தில் கடந்து போகும்போதும் கேட்டிருக்கிறது, அது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். அதற்கு என் கணக்கு நிற்கும்.

வால்துடுப்பு:
இருவர் சொல்வதும் அந்த எட்டு பிளேடுகளைப் பற்றியதுதான். ஆழ்நீர், அந்த வால்கூட்டை 1/72-இல் எதில் செய்கிறீர்கள்? பிளாஸ்டிக் கம்பி அந்த மெலிவில் நேராக நிற்பதில்லை. பித்தளைக் குழாய் சரிவருமா?