பெர்கன் ஊர்க் கல்லறையில் யங்கின் லங்காஸ்டர் குழு: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வடகடல் காற்று:
நெதர்லாந்தில் அல்க்மார் பக்கம் இருப்பவர்களுக்கு பெர்கன் தெரியும், கடற்கரைக்குப் போகிற வழி. அங்கே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் விமானி யங்கின் குழு ஏழு பேரும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் 1943 மே 16 இரவு ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று அவர்களுடையது. மோனே அணையில் குண்டு போட்டு, ஏடர் அணை வரை போய், நெதர்லாந்துக் கரையையும் தாண்டிக் கடலுக்கு மேல் வந்துவிட்ட பிறகு காஸ்ட்ரிகம் பக்கத்துப் பீரங்கி அடித்துவிட்டது. கரையைத் தாண்டிவிட்டார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடல்கள் பிறகு ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. யங்குக்கு 28 வயது முடிய மூன்று நாள் பாக்கி. அதற்கு முன் இரண்டு முறை கடலில் விழுந்து ரப்பர் படகில் பிழைத்தவர், அதனால் டிங்கி (ரப்பர் படகு) என்றே கூப்பிடுவார்களாம்.

நான் சொல்ல வந்தது வேறு. அன்று ஓர் அப்பாவும் சின்னப் பெண்ணும் வந்திருந்தார்கள். அவள் கற்களில் இருந்த வயதை மட்டும் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள். முன்பக்கக் கன்னர் யோவின் கல்லில் 20. "நம்ம அண்ணாவுக்கும் இருபதுதானே?" என்று திரும்பிக் கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து அடுத்த வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என் மகனுக்கும் இருபது. அன்று இரவு அவன் வேலை முடிந்து வீடு வரும் வரை நான் படுக்கவில்லை.

ஹம் வாசி:
சரி, ஆனால் அந்தக் குண்டுகள் என்ன செய்தன என்பதையும் எழுத வேண்டும் அல்லவா? ஜெர்மனியில் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பலர் அப்படியே மோனே அணைக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அணைக்குக் கீழே ஹிம்மல்ஃபோர்ட்டன் வரை யாரும் இறங்குவதில்லை. அங்கே பழைய மடத்தின் தேவாலயம் இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும்தான் மிச்சம், மற்றதெல்லாம் வெள்ளத்தோடு போனது. அந்தக் கல் வரிசை மேலேயே ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நடந்து பார்த்தேன், எவ்வளவு பெரிய கட்டடம் என்று அப்போதுதான் புரிந்தது, கால் நடுங்கியது. இன்னும் கீழே நேஹைமில் முகாமில் அடைத்து வைத்திருந்த பெண்கள், கட்டாய வேலைக்காக உக்ரைனிலிருந்தும் போலந்திலிருந்தும் பிடித்து வந்தவர்கள், தப்பிக்க வழியில்லாமல் மூழ்கினார்கள். செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு இப்படிப்பட்டவர்கள்தான். ஹிட்லரிடம் சிறைப்பட்டு, ஹிட்லருக்கு எதிரான குண்டிலேயே போய்ச் சேர்ந்தவர்களுக்கு யார் பூ வைக்கிறார்கள்?

ரோசண்டால் அக்கா:
ஹம் வாசி தம்பி, அந்தப் பெண்களுக்காக அழுவதற்கு இருபது வயதுப் பிள்ளையைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள், 55,573 பேர் திரும்பவில்லை. இலக்கைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பிள்ளைகள் இல்லை. இதே நெதர்லாந்தில் ஐசல்ஸ்டைன் போர்க் கல்லறையில் 31,000க்கும் மேற்பட்ட ஜெர்மன்காரர்கள் கிடக்கிறார்கள், அந்த இடத்தையும் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஈழத்தில் எங்கள் ஊரில் போரில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகளை இடித்து மட்டமாக்கியதைத் தெரிந்தவள் நான், அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் போனது ஸ்டீன்பெர்கன் கல்லறை, அதுவும் நெதர்லாந்தில்தான். அணைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கிப்சன் 1944 செப்டம்பர் 19 அன்று மஸ்கிட்டோ விமானம் விழுந்து 26 வயதில் இறந்தார், அங்கேதான் கிடக்கிறார். பக்கத்திலேயே அவரோடு வந்த நேவிகேட்டர் (வழி பார்த்துச் சொல்பவர்) வார்விக். நான் போன அன்று பூவெல்லாம் கிப்சனுக்கு, வந்தவர்கள் படம் எடுத்ததும் அவருடைய கல்லைத்தான். ஒரே விமானத்தில் விழுந்தவர்கள்! கொண்டுபோன செவ்வந்தி முழுவதையும் வார்விக்கிடம் வைத்துவிட்டேன்.

திருச்சி டு லீட்ஸ்:
நான் பார்த்தது இங்கிலாந்தில் ஹாரோகேட் ஸ்டோன்ஃபால், பெரிய கல்லறை, கனடாப் பையன்கள் நிறைய. ஒரு கல்லின் அடியில் குடும்பம் எழுத வைத்த வரியைப் படித்த பிறகு அடுத்த கல்லுக்குப் போக முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கல்லறை எங்கே என்று அலைய வேண்டாம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடினாலே வரிசையும் எண்ணும் வந்துவிடும். ஒரே இறந்த தேதி உள்ள விமானப்படைக் கற்கள் அடுத்தடுத்து இருந்தால் பெரும்பாலும் ஒரே குழு. இரண்டு மூன்று கற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால், உடல்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடியாமல் சேர்த்துப் புதைத்திருக்கலாம், அதனால் நடுவில் கால் வைக்காதீர்கள். கனடா, ஆஸ்திரேலியா பையன்களுக்குக் கல்லில் முத்திரை வேறாக இருக்கும். குடும்பம் எழுத வைத்த வரி அடியில் இருந்தால் அதையும் சேர்த்து நிதானமாகப் படியுங்கள். பாசி பிடித்திருந்தால் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்து போய்விடும், ஆணையத்துக்கு எழுதினால் அவர்களே வந்து பார்ப்பார்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் பூசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

வடகடல் காற்று:
ஹம் வாசி, நேஹைம் பற்றி எழுதியதற்கு நன்றி, அதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாதுதான். அங்கே புதைத்த இடத்துக்கு எப்படிப் போவது என்று வழி எழுதுங்கள், வருகிறேன். அக்கா, மே 4 இரவு எட்டு மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் இருக்கும்போது நான் பெர்கனில் இருப்பேன், ரோசண்டாலிலிருந்து தூரம்தான், வந்தால் இரவு எங்கள் வீட்டில் தங்கலாம்.