ஆற்றைத் தாண்டினால் தடை இல்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி. என் தம்பிக்கு வீடு ஜெர்சி சிட்டியில், வேலை மன்ஹாட்டனில். கூடைப்பந்து ஆட்டங்களில் பந்தயம் கட்டி நிறைய விட்டுவிட்டான். போன மாதம் அவனே மனம் வந்து நியூ ஜெர்சியின் சுயவிலக்குப் பட்டியலில் (‘என்னைப் பந்தயம் கட்ட விடாதீர்கள்’ என்று நாமே பெயர் கொடுக்கும் பட்டியல்) பெயர் கொடுத்தான். அப்பாடா என்றிருந்தோம். ஆனால் வேலைக்குப் போகும் பாத் ரயில் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க்குக்குள் நுழைந்ததும் போனில் வேறொரு பந்தயச் செயலி திறந்துகொள்கிறது!

மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு விதி, வரி, விலக்குப் பட்டியல் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 2022 ஜனவரி முதல் போனிலேயே பந்தயம் கட்டலாம். நிறுவனங்களின் வருவாயில் 51 சதவீதம் வரி. (இவ்வளவு வாங்கும் அரசு ஆளைத் தடுக்க அவசரப்படுமா என்று ஒரு சந்தேகம்.)

சரி, கேள்விக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் குடியிருப்பவர் நியூயார்க் பட்டியலிலும் சேர முடியுமா? நேரில் போக வேண்டுமா? அப்புறம், 1-800-கேம்ப்ளர் என்ற சூதாட்ட உதவி எண்ணில் பேசிப் பார்த்தவர்கள் உண்டா? குடும்பத்தார் பேசினால் கேட்பார்களா?

அறிவுரை வேண்டாம், தயவுசெய்து. அவனும் இதைப் படிப்பான்.