முதியோர் இல்லத்தில் காரணம் தெரியாத காயம்: எங்கே, எப்படிச் சொன்னோம்

எங்கள் பெரியம்மா கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நாங்கள் பொள்ளாச்சி. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் கொஞ்ச தூரம்தான், அதனால் அடிக்கடி போய்ப் பார்ப்போம். ஒரு தடவை சேலை மாற்றிவிடும்போது மேல்கையின் உள்பக்கம், அக்குளுக்குக் கீழே, விரல் பதிந்த மாதிரி கன்றிப் போயிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்றார் ஒரு ஆயா. கட்டிலில் இடித்துக்கொண்டார் என்றார் இன்னொருவர். பெரியம்மாவுக்கு ஞாபக மறதி, அவரால் சொல்ல முடியவில்லை.

விழுந்தால் முட்டி, முழங்கை, நெற்றி அடிபடும். உள்கையில் ஏன்? அதே சமயம், பெரியம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், லேசாகப் பிடித்தாலே கன்றும். அதனால் அடித்துவிட்டார்கள் என்று நாங்கள் குதிக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு காரணம் சொன்னால் விடவும் முடியாது.

அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரிடம் "எப்படி அடிபட்டது என்று தெரியவில்லை" என்றே சொல்லி, ஊண்ட் சர்டிபிகேட் (காயச் சான்றிதழ்) எழுதி வாங்கினோம். இல்லத்துக்கு எழுத்தில் புகார், கையெழுத்து வாங்கிய நகல் எங்களிடம். 14567 முதியோர் உதவி எண்ணுக்கும் சொன்னோம். அப்புறம் பாலக்காட்டில் சமூகநீதித் துறை மாவட்ட அலுவலகத்துக்கு மனு. விசாரிக்க வந்தபோதுதான் தெரிந்தது, ராத்திரியில் ஒரே ஒரு ஆள்தான், எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியிருக்கிறார். இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.

*

அக்கா, நான் பாலக்காடு பக்கம் சித்தூரில் நர்ஸ். காயத்தின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் பார்த்த நேரத்தையும் இடத்தையும் அளவையும் அப்போதே எழுதிவிடுவதுதான் முக்கியம். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து உடம்பைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். காது, கழுத்து, தொடையின் உள்பக்கம் என்றால் உடனே மேலே சொல்வோம். மணிக்கட்டைச் சுற்றித் தடம் இருந்தால் கட்டிவைத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களைக் குடும்பத்தார் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் தைரியம் வரும்.

*

வாளையாரிலிருந்து ஒரு சேதி. இல்லம் கேரளாவில் இருக்கிறது, நீங்கள் தமிழ்நாடு, அங்கேயே போய்க் கொடுங்கள் என்று போலீஸ் திருப்பி அனுப்பினால் கேட்டுக்கொள்ள வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். என் மாமனாருக்காக கோவையில்தான் கொடுத்தோம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.