பிளைவுட் மீன் தொட்டி: முகப்புக் கண்ணாடியை உள்ளிருந்து ஒட்டுவதா, வெளியிலிருந்தா?

கெளுத்திப்பிரியன்:
18 எம்எம் 710 கிரேடு (தண்ணி தாங்கும் மரைன்) பிளைவுட்டில் தொட்டி. உள்ளளவு 180×60×60 செ.மீ., உள்ளே எபாக்ஸி (தண்ணி புகாத பிசின் பூச்சு) மூன்று கோட் முடிஞ்சது. முகப்புப் பலகையில் 150×45 செ.மீ. திறப்பு வெட்டியாச்சு. அதுக்குக் கீழே 5 செ.மீ., மேலே 10 செ.மீ. சட்டம் நிக்குது. தண்ணீர் 55 செ.மீ. நிற்கும். வெளியே கண்ணாடியை வெச்சு மரச்சட்டம் அடிச்சா போதும்னு கடையில சொல்றாங்க. சரிவருமா? கண்ணாடி எத்தனை எம்எம்? அக்ரிலிக் போடலாமா?

மரமும்நீரும்:
உள்ளிருந்துதான், வேற வழியே யோசிக்காதீங்க. உங்க அளவுக்குத் தண்ணீர் அந்தத் திறப்பை ஏறக்குறைய 185 கிலோ விசையோடு வெளியே தள்ளும். உள்ளே ஒட்டினா அந்த விசையே கண்ணாடியைச் சட்டத்தோட அழுத்திப் பிடிக்கும். வெளியே ஒட்டினா அதே விசை சிலிக்கோனை உரிக்கும். சிலிக்கோன் தாங்கினாலும் அடியில இருக்கிற எபாக்ஸி மரத்தை விட்டு வந்துடும்.

கண்ணாடி 159×54 செ.மீ. வெட்டச் சொல்லுங்க. சுற்றிலும் 4.5 செ.மீ. சட்டத்தின் மேல் படியும், அடியில தளத்துக்கு 5 எம்எம் இடைவெளி இருக்கும். 10 எம்எம் கண்ணாடி கணக்குல நிக்கும், ஆனாலும் 12 போடுங்க. மரச்சட்டம் துளி முறுக்கினாலும் அந்தக் கூடுதல் கனம்தான் காப்பாத்தும். நாலு ஓரமும் கட்டாயம் கிரைண்ட் பண்ணியிருக்கணும்.

அக்ரிலிக் வேண்டாம். சிலிக்கோன் அதைச் சரியாப் பிடிக்காது, அதே கனத்துல கண்ணாடியைவிட 20 மடங்குக்கு மேல வளையும். கெளுத்தி உரசினா கீறலும் விழும்.

பசைதுப்பாக்கி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஒழுகுற தொட்டிகள்ல பெரும்பாலும் கண்ணாடி மேல தப்பு இருக்காது, எபாக்ஸியின் மேற்பரப்புலதான். ஈரக்காத்துல, அதுவும் மழைக்காலத்துல, எபாக்ஸி காயும்போது மேலே மெழுகு மாதிரி வழவழன்னு ஒரு படலம் வரும். அது மேல சிலிக்கோன் நிக்கவே நிக்காது. கடைசி கோட் முடிஞ்சு ஏழு நாள் விடுங்க. சோப்புத் தண்ணியும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவி, காஞ்சதும் 120 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போறவரை தேச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைங்க. அப்புறம் கை படக்கூடாது. திறப்போட வெட்டு விளிம்பைத் தடவிப் பாருங்க. பிளையின் அடுக்குகள் கைக்குத் தட்டுப்பட்டா இன்னொரு கோட் கொடுத்து, அது காஞ்சதும் அந்த இடத்தை மறுபடி இதே மாதிரி கழுவித் தேய்ங்க.

சிலிக்கோன்: வினிகர் வாடை வர்ற, கண்ணாடிக்கான 100% சிலிக்கோன். குளியலறைக்குன்னு விக்கிற, பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த டியூப் மீனுக்கு விஷம்.

தொட்டியை முகப்பு கீழே இருக்க, கை நுழையும் உயரத்துல கட்டைகள் மேல படுக்க வையுங்க. ரசமட்டம் பார்த்துக்குங்க. சட்டத்துல திறப்பு ஓரமா 3 எம்எம் ரப்பர் துண்டுகளை 30 செ.மீ.க்கு ஒண்ணு ஒட்டுங்க. கண்ணாடி விளிம்பு வரப்போற கோட்டுக்குச் சற்று உள்ளே, 8 எம்எம் தடிமன்ல ஒரே தொடர்ச்சியா சிலிக்கோன் இழுங்க. மூலையில நிறுத்தாதீங்க, தொடங்கின இடத்தைத் தாண்டி முடிங்க. அழுத்தினதும் அது 16 எம்எம் பட்டையாகும். இதுக்கே 210 மி.லி. போயிடும், மூணு டியூப் கையில இருக்கட்டும்.

கண்ணாடி 26 கிலோ இருக்கும். ரப்பர் பிடி வெச்சு ரெண்டு பேர் உள்ளே கொண்டுபோங்க. திறப்புக்குள்ள நிறுத்தின கட்டைகள் மேல முதல்ல உக்கார வெச்சு, கீழேயிருந்து மூணாவது ஆள் கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். மேலே பாரம் வைக்காதீங்க, சொந்த எடையே போதும். சிலிக்கோன் மேல தோல் கட்டுறதுக்குள்ள, அஞ்சு நிமிஷத்துல, கண்ணாடி விளிம்பைச் சுற்றிலும் சிலிக்கோனாலேயே மூலைப்பட்டை போட்டு விரலால இழுத்துடுங்க.

கெளுத்திப்பிரியன்:
4.5 செ.மீ. முழுக்கச் சிலிக்கோன் தடவினா இன்னும் பலம்தானே? எப்போ தண்ணி விடலாம்?

பசைதுப்பாக்கி:
இல்லை. இந்தச் சிலிக்கோன் காத்து ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், விளிம்பிலிருந்து உள்நோக்கி, முதல் நாள் 2–3 எம்எம், போகப்போக இன்னும் மெதுவா. கண்ணாடிக்கும் எபாக்ஸிக்கும் நடுவே அகலமா அடைச்சா மையம் வாரக்கணக்குல பச்சையாவே கிடக்கும். 16 எம்எம் பட்டைக்கு ரெண்டு வாரம் கொடுங்க. வினிகர் வாடை துளியும் இருக்கக்கூடாது.

மரமும்நீரும்:
ஒண்ணு விட்டுப்போச்சு. மேல்சட்டம் 10 செ.மீ. உயரம், 150 செ.மீ. நீளம், வெறும் 18 எம்எம். நிச்சயம் வெளியே வளையும். கண்ணாடி வைக்கிறதுக்கு முன்னாடியே அதன் பின்பக்க மேல்விளிம்புல 10 செ.மீ. அகலப் பட்டை ஒண்ணைப் படுக்கையா ஒட்டி ஸ்க்ரூ பண்ணுங்க. கண்ணாடி உள்ளே வெச்ச பிறகு, நடுவுல முகப்பையும் பின்பலகையையும் இணைக்கும் குறுக்குப் பலகை ஒண்ணு வேணும். எல்லாத்துக்கும் எபாக்ஸி. பட்டை 18 எம்எம் கீழே இறங்கினாலும் கண்ணாடிக்கு இடம் இருக்கு.

சோதனைக்கு 20 செ.மீ., மறுநாள் 40, அதுக்கு மறுநாள் 55 நிரப்புங்க. முகப்புக்கு முன்னாடி தரையில நாளிதழ் விரிச்சு வெச்சா ஒரு சொட்டும் தெரியும். ஒழுகினா வெளியே பூசி அடைக்காதீங்க, உள்ளேயிருந்து வர்ற அழுத்தம் அதைத் தள்ளிடும். பழைய சிலிக்கோன் மேல புதுசும் சரியா ஒட்டாது. கண்ணாடியை எடுத்து முழுசா சுரண்டிட்டு மறுபடி ஒட்டணும். திறப்பு விளிம்புல மரம் கறுத்து ஈரமாத் தெரிஞ்சா அந்த நிமிஷமே தண்ணியை வெளியேத்துங்க. பிளை ஊதினா அந்தச் சட்டம் திரும்ப மட்டத்துக்கு வராது.