பிடித்த பாட்காஸ்ட்டின் குறைகளை எழுதி அனுப்பலாமா?

முதுநகர்க்காரன் (கடலூர்)

வியாழக்கிழமைதோறும் வரும் அந்த வாழ்க்கைமுறை பாட்காஸ்ட்டை இங்கே பலரும் கேட்கிறீர்கள்; பெயர் வேண்டாம். நிறைகுறைகளை எழுதி அனுப்பச் சொல்லித் தொகுப்பாளர் கேட்டிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் நிறை ஒரு பக்கம், குறை மூன்று பக்கம் வருகிறது. இத்தனைக்கும் ஒரு வாரம்கூட விடாமல் கேட்பவன் நான்.

துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாவுடன் அவர் பேசியதுதான் என் கணக்கில் உச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மாசியிலேயே கருவாடு போட்டு வைப்பது, சீட்டுப் பணத்தைச் சித்திரையில் எடுப்பது, எந்த நகை முதலில் அடகுக்குப் போகும், எது கடைசிவரை போகாது என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். நடுவில் யோசித்து நின்ற இடத்தைக்கூட வெட்டவில்லை. குடும்ப வரவுசெலவைப் பற்றி அங்கே வந்த எந்த நிபுணரும் இதில் பாதிகூடச் சொன்னதில்லை.

அதே மனிதர்தான் தூக்கத்தைப் பற்றியும் ஒன்று போட்டார். இரவு பத்து மணிக்குப் படுங்கள், காலை வெயிலில் நில்லுங்கள் என்றார் வந்திருந்த மருத்துவர். நான் சிப்காட்டில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவன். பத்து மணிக்குத்தான் ஆலைக்குள்ளேயே நுழைகிறேன்! குறுக்குக் கேள்வி ஒன்றாவது கேட்க வேண்டாமா? முடிந்த கையோடு, அதே உருக்கமான குரலில் மெத்தை விளம்பரம் வேறு.

ஆரம்பத்தில் வரும் சிரிப்பும் அரட்டையும் தொல்லைதான், ஓட்டிவிடலாம். ஆட்களைப் பேசவிடும்போது அவர் அருமை. ஆலோசனை வாங்கித் தரும்போது சறுக்குகிறார். இப்படியே எழுதினால் மனம் நோகுமா?

முத்தியால்பேட்டை அக்கா (புதுச்சேரி)

தம்பி, தாராளமாக எழுதுங்கள். நானும் இரவுப் பணி பார்க்கும் செவிலிதான். மருத்துவர் சொன்னது பொய்யில்லை, பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு. உடலின் கடிகாரத்தை முக்கியமாகத் திருத்தி வைப்பது கண்ணில் படும் வெளிச்சம். அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்குத்தான் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவு ஷிப்ட் முடித்தவர் வெளிச்சத்தைத் தவிர்க்க வேண்டும். காலையில் வடக்கே வண்டி ஓட்டி வரும்போது வெயில் வலப்பக்கம் அடிக்குமே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண் சொருகினால் வண்டியே வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். சன்னலுக்குக் கெட்டித் துணி கட்டுங்கள். குடித்த டீயின் காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். விடிகாலை நாலு மணி டீயை நிறுத்திவிட்டு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே குடியுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்டை 2007-லேயே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்படியிருக்க, ஒன்றரை மணி நேரத் தூக்கப் பேச்சில் ஷிப்ட் என்ற சொல்லே வரவில்லை. எனக்கும் அதுதான் பெரிய குறை.

ஒலித்தச்சன் (நெல்லித்தோப்பு)

நான் ஒலித்தொகுப்பு செய்து பிழைப்பவன். விளம்பரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா. தொகுப்பாளர் தன் குரலில் வாசித்தால்தான் கூடுதல் காசு. அதில்தான் என் போன்றவர்களுக்குக் கூலி. மௌனத்தை வெட்டாததைக் கட்டாயம் பாராட்டுங்கள். இடைவெளிகளை எல்லாம் ஒரே சொடுக்கில் நீக்கும் மென்பொருள் வந்துவிட்ட பிறகு, வேண்டுமென்று விட்டுவைக்கிறவர்கள் குறைவு.

பலாச்சுளை (பண்ருட்டி)

இலவசமாகக் கேட்டுவிட்டு மூன்று பக்கம் குறை எழுதுவதா? நான் ஓட்டிவிட்டுக் கேட்கிறேன், நிம்மதி.

முதுநகர்க்காரன்

பலாச்சுளை, அவர்தான் கேட்டார், நானாகப் போகவில்லை. ஒலித்தச்சன், விளம்பரம் இருக்கட்டும். தூக்கப் பேச்சு முடிந்த உடனே மெத்தை வேண்டாம், வேறு வாரம் விற்கட்டும் என்று எழுதுகிறேன். அக்கா, ஷிப்ட்காரர்களுக்கென்று தனியாக ஒன்று போட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?

முத்தியால்பேட்டை அக்கா

பெயர் போடாமல் என்றால் வருகிறேன். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் மட்டும் அழைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், தூங்கிக்கொண்டிருப்பேன்.